குழாயா, மூச்சா? ட்ரம்பெட்காரர்களின் முந்நூறு வருஷச் சண்டை

ட்ரம்பெட் வாசிக்கிறவங்க நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா எதைப் பத்திப் பேசுவாங்க? சங்கீதத்தைப் பத்தின்னு நீங்க நினைச்சா, உங்களுக்கு ஒரு ட்ரம்பெட்காரரைக்கூடத் தெரியாதுன்னு அர்த்தம். மவுத்பீஸ் பத்திப் பேசுவாங்க. "நீ என்ன சைஸ் ஊதுற?" "7சி." "அதான் சத்தம் கம்மியா இருக்கு. 3சிக்கு மாறு." "மாறினேன், உதடு வலிக்குது." "அப்ப 5சி எடு." பக்கத்துல ஒருத்தர் வால்வு எண்ணெய் பத்தி ஆரம்பிப்பார். அத்தோட அந்த ஞாயித்துக்கிழமை காலி.

நானும் மூணு வருஷமா வாரக் கடைசியில ஊதக் கத்துக்கிட்டிருக்கேன். (என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் தெரிவிக்கும் அனுதாபங்கள் உரியவர்களிடம் சேர்க்கப்படும்.) மேல் ஸட்ஜம் ஒண்ணு வரவே மாட்டேங்குது. சம்பளம் வந்த கையோட புது மவுத்பீஸ் ஒண்ணு வாங்கிப் போய் மாஸ்டர்கிட்ட காட்டினேன். அவர் ராணுவ பேண்டுல இருந்து ரிடையர் ஆனவர். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. அடுத்த தடவை கடைக்குப் போனா, காத்து விக்கிறாங்களான்னும் கேட்டுப் பாரு"ன்னார்.

நாலு பேர் முன்னாடி வாங்கின பல்பு ஆச்சே, சும்மா விட முடியுமா? ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரம் உட்கார்ந்து நோண்டினேன். தோண்டத் தோண்டத் தெரிஞ்சது, இது எனக்கும் மாஸ்டருக்கும் நடக்கிற சண்டை இல்லை. மேல் சுரம் குழாயில இருந்து வருதா, மூச்சுல இருந்து வருதாங்கிறது முந்நூறு வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற வழக்கு. அதுல முதல் சாட்சி, ஊதிட்டு வந்த மறுநாள் தெருவிலேயே விழுந்து செத்துப்போன ஒரு பெரியவர்.

1734 அக்டோபர் 5, ஜெர்மனியின் லைப்ஜிக் நகரம். ராத்திரி ஒன்பது மணி. சாக்ஸனி நாட்டு அதிபர் மூன்றாம் அகஸ்டஸ் போலந்து அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட, சந்தைச் சதுக்கத்தில் திறந்தவெளிக் கச்சேரி. அறுநூறு மாணவர்கள் கையில் தீபத்தோடு ஊர்வலம். இசையமைத்தவர் யோஹான் செபாஸ்டியன் பாக். அரசர் ஊருக்கு வருகிறார் என்று கடைசி நேரத்தில்தான் தெரிந்தது, அதனால் மொத்த வேலைக்கும் கிடைத்தது மூன்றே நாள். (நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எந்தப் பரம்பரையில் வந்தார்கள் என்று இப்போது புரிகிறது.) நேரம் இல்லாவிட்டால் நாம் என்ன செய்வோமோ அதையே பாக்கும் செய்தார். துவக்கக் கோரஸை, தான் முன்பே எழுதி வைத்திருந்த வேறொரு பாட்டிலிருந்து எடுத்து வார்த்தைகளை மாற்றிப் போட்டார். அதே இசை பின்னால் அவருடைய பி மைனர் மாஸில் ஒரு பகுதியாகவும் வந்தது. சுத்தமான காப்பி பேஸ்ட். ஆனால் என்ன காப்பி பேஸ்ட்!

இரண்டு பாடகர் குழு, மூன்று ட்ரம்பெட், பெரிய முரசுகள். முதல் ட்ரம்பெட் ஊதியவர் காட்ஃப்ரீட் ரைக்கே என்பதுதான் பொதுவான கருத்து. வயது 67. 1688ல் லைப்ஜிக் வந்து, படிப்படியாக ஏறி 1719ல் நகரசபை வாத்தியக்காரர்களில் மூத்தவர் ஆனவர். கோபுரத்தின் மேல் நின்று ஊதுவதற்கென்று 24 உருப்படிகள் எழுதி 1696லேயே அச்சிட்டவர். பாக் லைப்ஜிக்கில் வேலைக்குச் சேர்ந்த 1723லிருந்து அவர் எழுதிய கஷ்டமான ட்ரம்பெட் பகுதிகளில் பலவும் இந்தப் பெரியவரை மனதில் வைத்து எழுதியவை என்கிறார்கள்.

மறுநாள், அக்டோபர் 6. வீட்டுக்குப் போகிற வழியில், தன் தெருவுக்குப் பக்கத்திலேயே ரைக்கே மயங்கி விழுந்தார். உயிர் போய்விட்டது. அந்தக் காலத்து ஊர்க் குறிப்பு ஒன்று இரண்டு காரணம் சொல்கிறது: முந்தின ராத்திரி அரசருக்காக ஊதியதில் ஏற்பட்ட களைப்பு, தீப்பந்தங்களின் புகை.

இன்றைய டாக்டர்கள் பக்கவாதம் என்றோ மாரடைப்பு என்றோ எழுதியிருக்கலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. 67 வயது மனிதர், புகைக்கு நடுவே, ராத்திரிக் குளிரில், வால்வே இல்லாத ஒரு குழாயை வைத்துக்கொண்டு, இன்றைக்கும் தொழில்முறைக்காரர்கள் பார்த்துப் பயப்படுகிற மாதிரி சுரங்களை ஊதியிருக்கிறார். எப்படி?

அதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பௌதிகம் வேணும். பயப்படாதீங்க, பரீட்சை கிடையாது.

அன்றைய ட்ரம்பெட் என்பது ஏழெட்டு அடி நீளப் பித்தளைக் குழாய், அவ்வளவுதான். தூக்கிப் பிடிக்க வசதியாக மடித்திருப்பார்கள். பட்டன் கிடையாது, ஓட்டை கிடையாது. உதடு அதிர்வதைப் பொறுத்து அடிப்படைச் சுரத்தின் மடங்குகள் மட்டும் வரும்: இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு. நம்ம கணக்கில் சொன்னால், கீழே ஸ, ப, ஸ, க, ப என்று பெரிய பெரிய இடைவெளி. ராணுவ அழைப்புகளெல்லாம் இந்தச் சுரங்களையே சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான். எட்டாவது படிக்கு மேலே போனால்தான் படிகள் நெருங்கி ஸ, ரி, க, ம என்று வரிசையாகக் கிடைக்கும். மெலடி வேண்டுமானால் மேலே ஏறியே ஆகணும், வேற வழி இல்லை. அந்த உயரத்தில் ஊதுகிற கலைக்கு 'க்ளாரினோ' என்று பேர்.

மேலே ஏறினாலும் நிம்மதி கிடையாது. பதினோராவது படி சுத்த மத்யமமும் இல்லை, பிரதி மத்யமமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தொங்கும். பதிமூன்றாவது படி இரண்டு தைவதத்துக்கும் நடுவில். இவற்றை உதட்டாலும் காற்றின் அழுத்தத்தாலும் வளைத்துச் சுருதியில் சேர்க்க வேண்டும். படிகள் நெருக்கமாக இருப்பதால் உதடு ஒரு மயிரிழை பிசகினாலும் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். கூட்டமான பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் உட்கார்ந்த கதைதான். ரைக்கேவிடம் இருந்த கருவியில் பாதி அவருடைய உடம்பு.

இந்தக் கலை ஒரு தொழில் ரகசியமாகவே இருந்தது. 1623ல் இரண்டாம் ஃபெர்டினாண்ட் பேரரசர் ட்ரம்பெட்காரர்களுக்கும் முரசுக்காரர்களுக்கும் தனிச் சலுகைச் சாசனம் கொடுத்தார். யார் ஊதலாம், யார் கற்றுக்கொடுக்கலாம் என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. சங்கம் பலமாக இருந்தவரை ரகசியம் காப்பாற்றப்பட்டது. சங்கமும் அரண்மனைகளும் தேய்ந்தபோது ரகசியமும் சேர்ந்து போய்ச் சேர்ந்தது. யோஹான் எர்ன்ஸ்ட் ஆல்ட்டன்புர்க் என்பவர் 1795ல் இந்தக் கலை பற்றி விரிவான புத்தகம் போட்டார். ஆனால் அதற்குள் மக்களின் ரசனை மாறி, க்ளாரினோவைக் கேட்க ஆளில்லை. டாக்குமெண்டேஷன் கைக்கு வரும்போது சாஃப்ட்வேரே வழக்கொழிஞ்சு போயிருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

இனி கருவிக் கட்சியின் காலம். வியன்னாவில் ஆன்டன் வைடிங்கர் என்ற அரசவை ட்ரம்பெட்காரர், குழாயில் ஓட்டை போட்டு மூடி வைத்த கருவியில் வேலை செய்தார். மூடியைத் திறந்தால் கீழ் ஸ்தாயியிலும் எல்லாச் சுரமும் வரும். அவருக்காகவே ஹைடன் 1796ல் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். அரங்கேற்றம் 1800 மார்ச் 28 அன்று, வியன்னாவின் புர்க் தியேட்டரில். ட்ரம்பெட் தனியாக நுழைகிற இடத்தில் ஸ ரி க என்று சாதாரணமாக ஏறும். இப்போது கேட்டால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கீழ் ஸ்தாயியில் ரிஷபமே வராத கருவி என்று ஆயுள் முழுக்க நம்பியிருந்த வியன்னாக்காரர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! ஓட்டை திறந்த சுரங்களில் நாதம் கொஞ்சம் மங்கியதுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்த்தது வால்வு. ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்ஸல், ஃப்ரீட்ரிஷ் ப்ளூமெல் என்ற இரண்டு பேர் சேர்ந்து 1818ல் பிரஷ்யாவில் காப்புரிமை வாங்கினார்கள். வால்வை அமுக்கினால் காற்று ஒரு கூடுதல் வளையம் வழியாகச் சுற்றிப் போகும், குழாய் நீளும், சுரம் இறங்கும். 1839ல் பாரிஸில் பெரினே செய்த திருத்தத்தோடு வந்த பிஸ்டன் வால்வுதான் இன்று என் கையில் இருக்கிற ட்ரம்பெட்டிலும் இருக்கிறது.

இன்ஜினியரிங் படிச்ச மக்களுக்காக ஒரு அழகான பக் சொல்றேன். முதல் வால்வு குழாயை சுமார் 12 சதவீதம் நீட்டும். மூன்றாவது சுமார் 19 சதவீதம். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் 31 சதவீதம். ஆனால் அந்த இடத்தில் வர வேண்டிய சுரத்துக்குத் தேவை சுமார் 33.5. சுர இடைவெளிகள் பெருக்கலில் போகின்றன, குழாய் நீளமோ கூட்டலில் போகிறது. எனவே சுருதி தூக்கலாகத்தான் வரும். இருநூறு வருஷமா யாராலும் இதை ஒழிக்க முடியலை. பேட்ச் மட்டும் போட்டு வெச்சிருக்காங்க: இடது கை மோதிர விரலுக்கு ஒரு வளையம், அதால் ஸ்லைடை வெளியே தள்ளி நாமே சரி பண்ணிக்கணும். முதல் முறை இது புரிஞ்சப்ப நம்ம தொழில்தான்டான்னு ஒரு பாசம் வந்துச்சு.

வால்வு வந்ததும் ட்ரம்பெட்காரர்கள் உயரத்தில் போய்க் கஷ்டப்பட வேண்டிய அவசியம் போனது. ஒரு தலைமுறை ஏறவில்லை, அடுத்த தலைமுறைக்கு ஏறத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்கின் இசையை மறுபடி எடுத்து வாசிக்க ஆரம்பித்தபோது அசிங்கமான ஒரு உண்மை தெரிந்தது. பாக் எழுதிய ட்ரம்பெட் பகுதியை ஊத ஆள் இல்லை! எல்லா வசதியும் உள்ள கருவி கையில் இருக்கிறது, ஒரு வசதியும் இல்லாத கருவியில் ஊதினது வரமாட்டேன் என்கிறது. பல இடங்களில் அந்தப் பகுதியை க்ளாரினெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

1884ல் பாக் பிறந்த ஊரான ஐஸனாக்கில் அவருக்குச் சிலை திறந்தபோது பி மைனர் மாஸ் நடந்தது. யூலியுஸ் கோஸ்லெக் என்பவர் இரண்டு வால்வு வைத்த நீளமான நேர்க்குழாய் ஒன்றில் மேல் பகுதியை ஊதிக் காட்டினார். எல்லோரும் ஆச்சரியப்பட்டு அதற்கு 'பாக் ட்ரம்பெட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாக் தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியும் தீரவில்லை. எல்லாவற்றிலும் கொடுமை, பாக் 1721ல் காணிக்கையாக்கிய இரண்டாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ. அதன் உச்சச் சுரத்துக்கு உதடு வினாடிக்குச் சுமார் ஆயிரத்தைந்நூறு தடவை அதிர வேண்டும். 1950ல் செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ் பிராத் விழாவில் அதைப் பதிவு செய்தபோது ட்ரம்பெட் பகுதியை வாசித்தது மார்செல் மூலின் சோப்ரானோ சாக்ஸபோன்! கேட்டுப் பாருங்க. நல்லாத்தான் இருக்கு. ட்ரம்பெட்காரர்கள் முன்னாடி மட்டும் இதைச் சொல்லிடாதீங்க.

பிறகு பிக்கலோ ட்ரம்பெட் பரவியது. சாதாரண ட்ரம்பெட்டில் பாதி நீளம். மோரிஸ் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர், சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இதை வைத்துக்கொண்டு உலகம் சுற்றினார். 1967 ஜனவரியில் டேவிட் மேசன் என்பவர் டிவியில் இதே பிராண்டன்பர்க்கை வாசிப்பதை பால் மெக்கார்ட்னி பார்த்தார். ஒரு வாரத்துக்குள் மேசன் ஸ்டுடியோவில் இருந்தார். பீட்டில்ஸின் 'பென்னி லேன்' பாட்டு நடுவில் குருவி மாதிரி ஒரு ட்ரம்பெட் வருமே, அது அவர்தான். பாக்கிலிருந்து பீட்டில்ஸுக்கு இத்தனை குறுக்குவழி இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும், ஏன்னா நான் பணம் தொலைச்சது இதைக் கவனிக்காமத்தான். சின்னக் குழாய் மேல் சுரத்தைச் சுலபமாக்குவதில்லை. உதடு அதே ஆயிரத்தைந்நூறு தடவை அதிர்ந்துதான் ஆகணும். பழைய நீளக் குழாயில் பதினெட்டாவது படியாக இருந்த சுரம், பிக்கலோவில் எட்டாவது படி ஆகிறது. படிகளுக்கு நடுவே இடம் கிடைக்கிறது, பக்கத்து ஆள் மடியில் விழாமல் உட்காரலாம், அவ்வளவே. குறி தவறாமல் இருக்கக் கருவி உதவும். சுரத்தை உண்டாக்குவது பழைய ஆள்தான்.

மவுத்பீஸ் கதைக்கு வருவோம். அந்த எண்களையும் எழுத்துகளையும் உலகத்துக்குக் கொடுத்தவர் பெயரும் பாக். வின்சென்ட் பாக். யோஹான் செபாஸ்டியனுக்குச் சொந்தம் இல்லை, ஷ்ரோட்டன்பாக் என்ற பெயரைச் சுருக்கிக்கொண்டவர். 1890ல் ஆஸ்திரியாவில் பிறந்து மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தார். படிப்பை முடித்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு, ட்ரம்பெட் ஊதப் போனார். (வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) 1914ல் அமெரிக்கா போனார், பாஸ்டன் சிம்ஃபனியில் வாசித்தார். கச்சேரிப் பயணத்தில் ஒருமுறை தன் மவுத்பீஸைச் சரிசெய்யக் கொடுக்க, ரிப்பேர்காரர் அதைக் கெடுத்தே விட்டாராம். எவ்வளவு தேடியும் அதே மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை. இன்ஜினியர் புத்தி விழித்துக்கொண்டது. 1918ல் நியூயார்க்கில் ஒரு லேத் போட்டு, அளவு மாறாத மவுத்பீஸ்களைத் தானே கடைய ஆரம்பித்தார். சில வருஷங்களில் ட்ரம்பெட்டும் செய்தார்.

அவர் கணக்கில் எண் குறையக் குறைய விட்டம் பெரிது, எழுத்து ஏயிலிருந்து தள்ளிப் போகப் போகக் கிண்ணத்தின் ஆழம் குறைவு. 1சி சுமார் 17 மில்லிமீட்டர், 7சி சுமார் 16.2. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த முக்கால் மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை பேச்சும், நட்பு முறிவுகளும், என் கிரெடிட் கார்டு பில்லும். கிண்டலுக்காகச் சொல்கிறேனே தவிர, உதட்டுக்கு அந்த முக்கால் மில்லிமீட்டர் நிஜமாகவே தெரியும். ஒரு வாரத்துக்குத் தெரியும். பிறகு பழைய உதடு புது மவுத்பீஸிலும் பழைய மாதிரியே ஊதும்.

கருவி சில சமயம் தானாகவும் மாறும். 1953 ஜனவரி 6, நியூயார்க்கில் ஜாஸ் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் மனைவி பிறந்தநாள் விருந்து. ஸ்டாண்டில் வைத்திருந்த ட்ரம்பெட் மேல் யாரோ விழ, மணி பாகம் மேல்நோக்கி வளைந்துவிட்டது. மனிதர் கோபப்படாமல் எடுத்து ஊதிப் பார்த்தார். சத்தம் காதுக்குச் சீக்கிரம் எட்டுவதாகப் பட்டது. பிடித்துப்போய், அதற்கப்புறம் வளைத்தே செய்து வாங்கினார். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்ப ஊதுவார். "கன்னத்தை உப்பாதே" என்று உலகத்தில் எல்லா வாத்தியாரும் சொல்வார்கள். எங்க குழுவில் ஒரு அண்ணா, "டிஸ்ஸி உப்பலாம், நான் உப்பக்கூடாதா?"ன்னு மாஸ்டரிடம் கேட்டார். "நீ முதல்ல டிஸ்ஸி மாதிரி வாசி, அப்புறம் காதைக்கூட உப்பிக்கோ"ன்னு பதில் வந்துச்சு.

குழாய் வளைஞ்சா இப்படிச் சிரிச்சுக்கிட்டே போயிடலாம். உதடு உடைஞ்சா? அடால்ஃப் ஹெர்செத் 1948லிருந்து சிகாகோ சிம்ஃபனியின் முதல் ட்ரம்பெட். 1952ல் கார் விபத்து. உதடு கிழிந்தது, பற்கள் போயின. ட்ரம்பெட்காரருக்கு இது பியானோக்காரருக்கு விரல் போன மாதிரி. அதே ஆர்கெஸ்ட்ராவில் டியூபா வாசித்தவர் அர்னால்ட் ஜேக்கப்ஸ். ஹெர்செத் அவர் உதவியோடு, மரத்துப்போன உதட்டை வைத்துக்கொண்டு, மூச்சையும் மனதில் கேட்கிற ஒலியையும் நம்பி மறுபடி ஊத ஆரம்பித்தார். சில மாதங்களிலேயே திரும்ப மேடைக்கு வந்தார். 2001 வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொத்தம் 53 வருஷம்.

இதில் ட்ரம்பெட்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? விபத்துக்குப் பிறகு ஹெர்செத் பெரிய மவுத்பீஸுக்கு மாறினார் என்பதுதான்! அதைக் கேள்விப்பட்டு ஊரெல்லாம் பசங்க பெரிய மவுத்பீஸ் வாங்கி உதட்டைக் கெடுத்துக்கொண்டார்கள். முடியல.

ஜேக்கப்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1944லிருந்து 1988 வரை சிகாகோவில் டியூபா. உடலியல் புத்தகங்களைத் தானே படித்து, ஆஸ்பத்திரியில் நுரையீரல் அளக்கிற கருவிகளை வாங்கிப் பாடம் நடத்தும் அறையில் வைத்தவர். மாணவர்கள் பையிலும் குழாயிலும் ஊதிக்கொண்டிருப்பார்கள். பிற்காலத்தில் இவருக்கு ஆஸ்துமா வேறு. அப்படியும் அவர் டியூபா ஒலியில் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

"உதரவிதானத்திலிருந்து ஊது" என்று காலம்காலமாகச் சொல்லி வந்தார்கள். ஜேக்கப்ஸ் அதைக் கையில் எடுத்தார். உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கிற தசை, வெளியே ஊதும்போது அது தளர்ந்து மேலேறும், அதைக் கொண்டு ஊத முடியாது. வயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்பதால் அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, காற்று நகர்வதில்லை. கனமான பெட்டியைத் தூக்கும்போது மூச்சைப் பிடிப்போமே, அந்த நிலையில் எப்படி ஊத முடியும்? மேல் சுரத்துக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், ஆனால் காற்றின் அளவு குறைவு. டியூபாவின் கீழ்ச் சுரத்துக்கு நேர் எதிர்: அழுத்தம் குறைவு, காற்று வண்டி வண்டியாக. ட்ரம்பெட்காரர் முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்துத் தெரிவது காற்று போதாமல் இல்லை, போக விடாமல் பிடித்து வைப்பதால். இதைப் படிச்ச அன்னைக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு ஊதிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு தக்காளி தெரிஞ்சுது.

வேடிக்கை என்னவென்றால், மூச்சு பற்றி இத்தனை அளந்த மனிதர், வாசிக்கும்போது மூச்சைப் பற்றி நினைக்காதே என்றார். எந்த ஒலி வேண்டுமோ அதை மனதில் பாடு, காற்றை விடு, தசைகளுக்கு நீ உத்தரவு போடாதே. 'பாட்டும் காற்றும்' என்பதுதான் அவர் பாடமுறைக்கே பெயர். நம்ம பாஷையில், அசெம்ப்ளியில் எழுதாதே, என்ன வேணும்னு மட்டும் சொல்லு, மிச்சத்தைக் கம்பைலர் பார்த்துக்கும். ஹெர்செத்தின் மரத்த உதட்டுக்கு வேலை செய்தது இதுதான்.

நியாயமாக மூச்சுக் கட்சி ஜெயித்துவிட்டது என்று இங்கே முடித்துக்கொள்ளலாம். ஆனா கதை அவ்வளவு சுத்தமா இல்லை.

ரைக்கேக்கு அறுபது வயதை ஒட்டி ஒரு ஓவியம் தீட்டினார்கள். வரைந்தவர் எலியாஸ் காட்லோப் ஹவுஸ்மன், பாக்கின் புகழ்பெற்ற படத்தை வரைந்த அதே ஆள். அதில் ரைக்கே ஒரு கையில், முறுக்கு மாதிரி வட்டமாகச் சுருட்டிய ட்ரம்பெட்டைப் பிடித்திருக்கிறார். 1960 வாக்கில் ஓட்டோ ஷ்டைன்கோப், ஹெல்முட் ஃபின்கே என்ற இருவர் அந்தப் படத்தைப் பார்த்து அதே மாதிரி கருவி செய்தார்கள். பழைய முறையில் பாக்கை மறுபடி ஊத ஒரு இயக்கமே கிளம்பியது. எல்லாம் சரி, ஆனால் அந்தக் குழாயில் மூன்று சின்ன ஓட்டைகள்! விரலை எடுத்தால் அந்தத் தகராறு பிடித்த பதினோராவது, பதிமூன்றாவது படிகள் சுருதிக்கு வந்துவிடும். படத்தில் ரைக்கேயின் கருவியில் ஓட்டை இல்லை.

இன்றைக்கும் 'பரோக் ட்ரம்பெட்' என்று மேடையில் பார்ப்பதில் பெரும்பாலானவை ஓட்டை போட்டவைதான். ஓட்டை இல்லாமல் ஊதுகிற ழான் ஃப்ரான்ஸுவா மதஃப் போன்ற சிலர் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நடக்கிற கிண்டல் நம்ம மவுத்பீஸ் சண்டைக்குக் குறைந்ததில்லை. "நீங்க ஊதறது ட்ரம்பெட் இல்ல, புல்லாங்குழல்" என்பது ஒரு பக்கம். "சுருதி சேராம ஊதறதுக்கு வரலாற்று உண்மைன்னு பேர் வெச்சுக்கிட்டீங்க" என்பது இன்னொரு பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருப்பவருக்குச் சுருதி தப்பாமல் வேண்டும். ஓட்டைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மதஃப் ஊதும்போது மத்யமம் கொஞ்சம் உரசிக்கொண்டு வந்து சேருகிற அந்த ஒரு கணத்தில், சந்தைச் சதுக்கத்துப் புகை எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

அந்த ஓவியத்தில் ரைக்கேயின் இன்னொரு கையில் ஒரு தாள், அதில் படிக்கிற மாதிரி சுரக்குறிப்பு. சின்னதாக ஒரு முழக்கம், 'ஆப்ளாஸன்' என்கிறார்கள். அமெரிக்காவில் 1979ல் ஆரம்பித்த ஒரு ஞாயிறு காலை டிவி நிகழ்ச்சிக்கு அதுதான் முகப்பு இசை. முதலில் டான் ஸ்மிதர்ஸ் பரோக் ட்ரம்பெட்டில் ஊதினார், பிறகு டாக் செவரின்ஸன் பிக்கலோவில், அப்புறம் விண்டன் மார்சலிஸ். படத்தில் மட்டும் தங்கிய சில வரிகள், விழுந்து செத்தவரை இத்தனை பேர் ஊதவிட்டிருக்கிறது.

நானும் போன ஞாயித்துக்கிழமை அதை எடுத்துக்கிட்டு மாஸ்டர் முன்னாடி நின்னேன். புது மவுத்பீஸைப் பையிலேயே வெச்சுட்டு பழைய 7சி. முதல் வரி ஒழுங்கா வந்தது. இரண்டாவது வரி நடுவுல மேல் சுரம் வர்ற இடத்தில் முகம் தக்காளியாச்சு, சத்தம் நின்னுபோச்சு, வெறும் காத்து மட்டும் புஸ்ஸுனு வந்தது.

மாஸ்டர் தலையை ஆட்டிட்டு, "பரவாயில்ல தம்பி, காத்து கிடைச்சுடுச்சு போல. இனிமே உதடு எங்க விக்குதுன்னு பாரு"ன்னார்.